மட்டக்களப்பிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு: போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து கண்டிக்கு ட்ரிப் போகிற ஆக்கள் பேராதனைத் தாவரவியல் பூங்காவை விடுவதில்லை. ஆனால் தலதா மாளிகைக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில், "ஒரு மணித்தியாலம் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுவோம்" என்ற கணக்கில்தான் அநேகமாகப் போவார்கள். குடும்பத்தோடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் போய்வந்த பழக்கத்தில், புறப்பட முதல் எல்லோரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். டிக்கெட் விலையை எழுதவில்லை. அது அடிக்கடி மாறும்.

ஒரு மணித்தியாலம் காணாதா?

காணாது. நம்முடைய காந்தி பூங்காவை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் இதைக் கேட்பார்கள். காந்தி பூங்காவில் வாவியைப் பார்த்தபடி ஒரு சுற்று நடந்துவிட்டு, கடலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் பின்னேரம் முடிந்துவிடும். பேராதனை 147 ஏக்கர். மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓட, நான்காவது பக்கத்தில் கண்டி–கொழும்பு வீதியும் வாசலும் இருக்கின்றன.

ஒரு மணித்தியாலத்தில் போய் வருகிறவர்கள் ஓர்கிட் வீட்டையும் அதற்குப் பக்கத்துப் பூம்பாத்தியையும் மட்டும் பார்த்துவிட்டு, "பூந்தோட்டம்தானே, பார்த்தாச்சு" என்பார்கள். மரங்கள் எல்லாம் அதற்கு அங்கால் இருக்கின்றன. அரை நாள் ஒதுக்குங்கள். அதற்கு வழியில்லை என்றால், முழுப் பூங்காவையும் ஓடிப் பார்க்க நினைக்காமல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஆறுதலாகப் பாருங்கள். வேனுக்குக் கொடுத்த காசுக்கு நாலு இடம் பார்த்தே ஆகவேண்டும் என்கிற நம் ஆக்களின் பிடிவாதம் இந்த இடத்துக்குச் சரிவராது.

வேனில் எந்தப் பாதையால் போவது?

செங்கலடியில் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை, பிறகு பதினெட்டு வளைவு ஏறி, தெல்தெனிய, கண்டி. எங்களுக்கு நேரான பாதை இதுதான். ஐந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. வழியில் இறங்கினால் கூடும், மகா ஓயா வெந்நீரூற்றைப் பார்த்தால் எல்லோருக்கும் இறங்கவேண்டும் போல இருக்கும்.

செங்கலடிச் சந்தியில் நீங்கள் ஏறுகிற அந்த ஏ5 வீதியின் மற்ற முனை பேராதனைதான். பிபிலை, பதுளை, நுவரெலியா, கம்பளை என்று மலைநாட்டையெல்லாம் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்கிறது. அப்படியே போக நேரமாகும் என்பதால்தான் பதியத்தலாவையில் மகியங்கனைப் பக்கம் திரும்புகிறோம்.

இரண்டு விஷயம் கவனம். மகா ஓயா பக்கம் யானை நடமாட்டம் உள்ள இடம், ஆகவே இருட்டில் அந்த வழியால் வராதபடி நேரத்தைப் பாருங்கள். வளைவு ஏறும்போது பிள்ளைகளுக்குச் சத்தி வரும். மகியங்கனையில் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், சொப்பின் பையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மழைக்காலமாக இருந்தால் மண்சரிவு எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்று முதல்நாளே செய்தி பாருங்கள். அப்படி இருந்தால் பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகப் போகலாம். தூரம் கூட என்றாலும் வளைவு குறைவு.

வேன் இல்லை. பஸ்ஸிலோ ரயிலிலோ போகலாமா?

பஸ்ஸில் தாராளமாகப் போகலாம். கண்டியில் இறங்கி, பேராதனைப் பக்கம் போகிற எந்த பஸ்ஸில் ஏறினாலும் பூங்கா வாசலில் இறக்கிவிடுவார்கள். கண்டி நகரிலிருந்து ஐந்தரைக் கிலோமீற்றர் அளவுதான், ஆனால் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அந்தத் தூரத்துக்கே அரை மணித்தியாலத்துக்கு மேல் போகும்.

ரயில் சுற்றுவழி. எங்கள் ரயில் மாகோ, பொல்கஹவெல வழியாகக் கொழும்புக்குப் போவது. பொல்கஹவெலவில் இறங்கிக் கண்டி ரயிலுக்கு மாறி, பேராதனைச் சந்தி நிலையத்தில் இறங்கவேண்டும். ரயிலில் போவதே ஆசை என்கிறவர்களுக்கு மட்டும் இது சரி.

எந்த மாதம் நல்லது?

தை கடைசியிலிருந்து பங்குனி வரை. மலைநாட்டில் அப்போதுதான் மழை குறைவு. பேராதனை கடல்மட்டத்திலிருந்து 460 மீற்றர் உயரம், ஆகவே நுவரெலியா மாதிரிக் குளிராது. எங்கள் ஊர்ப் பங்குனி வெயிலிலிருந்து போகிறவர்களுக்கு மரநிழலில் சுகமாக இருக்கும். ஸ்வெட்டர் தேவையில்லை, குடை தேவை.

ஆவணி விடுமுறையில் போக நினைக்கிறவர்கள் ஒன்றைப் பாருங்கள். கண்டிப் பெரஹரா ஆடி, ஆவணியில்தான் வரும். அந்த நாட்களில் நகருக்குள் வீதிகளை மூடுவார்கள், தங்குமிட வாடகை கண்டபடி ஏறும். பெரஹராவையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சரி, பூங்கா மட்டும் என்றால் அந்தக் கிழமையை விடுங்கள். மார்கழி விடுமுறையில் போனால் அங்கேயும் மழை, புறப்படுகிற இடத்திலும் வெள்ளம்.

எத்தனை மணிக்கு உள்ளே போவது?

காலை ஏழரைக்குத் திறக்கிறார்கள். முதல்நாளே கண்டியில் தங்கியிருந்தால் திறந்த கையோடு போய்விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு பள்ளிக்கூட பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். விடிய இரண்டு மணிக்கு மட்டக்களப்பில் வெளிக்கிட்டு அன்றைக்கே திரும்புகிற ஆக்களும் உண்டு. முடியாத காரியமில்லை, ஆனால் பூங்காவில் பாதிப் பேர் புல்லில் நித்திரை கொள்வார்கள். மாலையில் மூடுகிற நேரத்துக்கு முன்னமே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உள்ளே கட்டாயம் பார்க்கவேண்டியவை எவை?

நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகள் இருக்கின்றன என்கிறார்கள். அதை எண்ணப் போகிறவர் யார்? எங்கள் ஆக்கள் நின்று பார்த்துக் கதைக்கிற சிலதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இரட்டைத் தேங்காய் மரம். சீஷெல்ஸ் தீவுகளில் மட்டும் இயற்கையாக வளர்வது. உலகத்தில் எந்தச் செடிகொடிக்கும் இவ்வளவு பெரிய விதை கிடையாது, ஒரு கொட்டை இருபது கிலோவுக்கு மேலும் வரும். காய் முற்ற ஆறேழு வருடம். பெயரில் தேங்காய் இருந்தாலும் இது தென்னைக்குக் கிட்டிய சொந்தமில்லை, பனைக்குத்தான் சொந்தம். கீழே நின்று ஓலையைப் பாருங்கள்: விசிறி மாதிரி விரிந்த ஓலை, மட்டையும் பனை மட்டை மாதிரியே. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய் தொங்குவது பெண் மரத்தில். வழிகாட்டி சொல்ல முதலே இதைக் கண்டுபிடிக்கிறவர்கள் எங்கள் ஊர் வயதானவர்கள்தான். பனங்காணியில் வளர்ந்த கண்.

அடுத்தது நாகலிங்க மரம். 1901இல் பிற்காலத்து ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் அவர் மனைவி மேரியும் வந்தபோது நட்டது. சைவர்கள் பூவைக் கண்டதும் கும்பிடுவார்கள்: நடுவில் சின்ன லிங்கம், அதன்மேல் படம் விரித்த பாம்பு. பூ கிளை நுனியில் பூப்பதில்லை, அடிமரத்திலேயே கொத்தாக வரும். காய் பீரங்கிக் குண்டு அளவு, உருண்டை, மண்ணிறம். கீழே விழுந்து உடைந்த காயை மணந்து பார்க்க ஆசைப்படாதீர்கள், நாற்றம் அப்படி. இவ்வளவு சைவமாகத் தெரியும் இந்த மரத்தின் சொந்த ஊர் தென்னமெரிக்கா.

பிறகு பெரிய புல்வெளி. அதன் நடுவில் நிற்கும் ஜாவா அத்தி மரம்தான் பூங்காவின் நாயகம் என்பது என் அபிப்பிராயம். ஒரே மரம், ஒரு கலியாண வீட்டு ஆக்கள் முழுப்பேரும் நிழலில் இருக்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் குன்று. கிட்டப் போய்க் குனிந்து உள்ளே பார்த்தால்தான் கிளைகள் எப்படித் தரையோடு தரையாக நீண்டு போகின்றன என்பது தெரியும். ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற விடாதீர்கள்.

ஆற்றோரம் இராட்சத மூங்கில். பர்மாவிலிருந்து வந்த இனம், 30 மீற்றருக்கு மேல் உயரும், மழைக்காலத்தில் புது முளை ஒரு நாளில் 30 சென்ரிமீற்றர் வரை வளரும். தண்டுகளில் எட்டுகிற உயரம் வரைக்கும் பெயர் கீறியிருக்கிறார்கள். மும்மொழியிலும். அந்த ஒரு விஷயத்தில் நாட்டில் முழு ஒற்றுமை. உங்கள் பிள்ளைகளின் கையில் சாவி, கவராயம் ஏதும் இருந்தால் அந்த இடத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வௌவால் பார்க்கக் காசு தேவையில்லை, நிமிர்ந்தால் போதும். கறுப்புத் துணி காயப்போட்ட மாதிரி உயர்ந்த மரங்களில் ஆயிரக்கணக்கில் தலைகீழாகத் தொங்கும். பழந்தின்னி வௌவால், பகலிலும் சத்தம்போட்டுச் சண்டை பிடிக்கும். அந்த மரங்களுக்குக் கீழே நிற்கும்போது குடை விரித்திருப்பது நல்லது.

தாளிப்பனை, கோணல்மாணலாக வளைந்து நிற்கும் குக் பைன் மரங்கள், நேர்கோட்டில் நிற்கும் அரசப்பனை வரிசை எல்லாம் நடக்கிற வழியிலேயே வரும். தாளிப்பனை ஆயுளில் ஒரே தரம்தான் பூக்கும். பல பத்து வருடம் காத்திருந்து உச்சியில் பூத்து, காய்த்து, பட்டுப்போகும். பழைய ஏடுகள் எழுதிய ஓலையும் இதனுடையதுதான்.

பெரிய ஆக்கள் நட்ட மரங்கள் இருக்கிறதாமே?

இருக்கின்றன. 1875இல் பிற்காலத்து ஏழாம் எட்வேர்ட் நட்ட அரசமரம், 1961இல் விண்வெளி வீரர் யூரி ககாரின் நட்டது, இந்திரா காந்தி நட்டது என்று ஒரு தொடர். அடியில் பெயர்ப்பலகை இருக்கும். ஓ.எல். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இந்த வரிசையில் கொஞ்சம் நில்லுங்கள், சரித்திரப் பாடத்தில் வருகிற பெயர்கள் பல இருக்கின்றன.

இது அரசர் காலத்துத் தோட்டமா, வெள்ளைக்காரன் செய்ததா?

இரண்டும். 1747இல் பட்டத்துக்கு வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் இதை அரச தோட்டமாக்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. கண்டியை ஆண்ட நாயக்கர் வழியில் இரண்டாமவர் அவர். 1815இல் கண்டி வீழ்ந்தது. ஆங்கிலேயர் முதலில் கொழும்பு கொம்பனித்தெருவிலும் பிறகு களுத்துறையிலும் தோட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, 1821இல் அலெக்ஸாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில் இங்கே மாற்றினார்கள். கொம்பனித்தெருவில் இன்றைக்கும், லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பெயரில், கியூ வீதி என்று ஒன்று இருப்பது அந்தப் பழைய தோட்டத்தின் மிச்சம்.

பூப்பார்க்க வைத்த தோட்டம் என்று நினைக்காதீர்கள். எந்தப் பயிர் இந்த மண்ணில் காசு தரும் என்று பரீட்சித்துப் பார்த்த இடம் இது. 1824இலேயே தேயிலைச் செடி இங்கே வந்துவிட்டது. 1861இல் ஹக்கலையில் மலேரியா மருந்து தரும் சிங்கோனா, 1876இல் கம்பஹா ஹெனரத்கொடையில் றப்பர், எல்லாம் இந்தத் தோட்டக்காரர்களின் வேலை. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டபோது, அதைப் பார்த்து இங்கிலாந்துக்கு மாதிரி அனுப்பியதும் இங்கே பணிப்பாளராக இருந்த த்வெயிட்ஸ்தான். கோப்பி அழிந்தது, தேயிலை ஏறியது, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அந்தத் தோட்டங்களிலேயே நின்றுவிட்டார்கள். வாசனைத் திரவியப் பகுதியில் சாதிக்காய் மரத்தைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக்கொடுங்கள், பலகையில் எழுதியிருக்காது.

இரண்டாம் உலகப் போரில், 1944இல், மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இங்கேதான் வைத்திருந்தார். ஜப்பானை எதிர்த்த போரின் திட்டங்கள் இந்த மரங்களுக்குக் கீழே போடப்பட்டன.

அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கூட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம். உள்வீதிகள் தார் போட்டவை, பெரும்பாலும் சமதரை. மின்சார வண்டியும் வாடகைக்கு ஓடுகிறது, வாசலிலேயே விசாரியுங்கள், கூட்ட நாட்களில் காத்திருக்க வேண்டிவரும். வண்டி கிடைக்காவிட்டால் ஓர்கிட் வீடு, வாசனைத் திரவியப் பகுதி இரண்டும் வாசலுக்குக் கிட்ட. அதோடு அவவை நிழலான இடத்தில் இருத்தி, கூட ஒருவர் நின்றால் போதும். எல்லோரும் போய்விட்டு, "இந்தா வந்திடுவம் அம்மம்மா" என்று தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரண்டு மணித்தியாலம் ஆகிவிடும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். என்ன கவனிக்கவேண்டும்?

ஆற்றங்கரை. மகாவலி அங்கே அகலமாக, அமைதியாகத் தெரியும், ஆனால் இழுவை உண்டு. வாவியில் குளித்துப் பழகிய பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் இருக்காது, அதுதான் சிக்கல். ஆறை மேலே நின்று காட்டுங்கள். அதே ஆறுதான் விக்ரோறியா, ரன்தெனிகல அணைகளைத் தாண்டி மகியங்கனையில் நீங்கள் கடந்து வந்த பாலத்துக்குக் கீழே ஓடி, கடைசியில் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. வரும்போது பாலத்தில் ஒருதரம் சொல்லிவைத்தால், இங்கே நிற்கும்போது தாங்களாகவே கதைப்பார்கள்.

சந்திக்கிற இடமாகப் பெரிய புல்வெளியைச் சொல்லுங்கள். "அந்தப் பெரிய மரத்தடியில்" என்று மட்டும் சொன்னால் பெரிய மரம் நூறு இருக்கிறது.

தொங்குபாலத்தில் ஏறலாமா?

ஏறலாம், திறந்திருந்தால். ஒரே நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள். நடக்கும்போது ஆடும், அதுதான் அதன் சுகம். நடுவில் நின்று குதிக்கிற மச்சான்மார் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார், அவரைக் கடைசியாக விடுங்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதா, அங்கே வாங்குவதா?

உள்ளே உணவகம் இருக்கிறது, விலை ஊர் விலையாக இருக்காது. பெரும்பாலானவர்கள் பார்சல்தான். இடியப்பம் சம்பலோடு, அல்லது புளிச்சாதம் மாதிரிப் பழுதாகாதது நல்லது. விடிய கட்டிய மீன்குழம்புச் சோறு மத்தியானம் வரை தாங்காது.

குரங்குதான் பெரிய பிரச்சினை. தலைமயிர் நடுவகிடு எடுத்த மாதிரி இருக்கும் செங்குரங்கு. பொலித்தீன் சரசரக்கும் சத்தம் கேட்டால் போதும், இறங்கிவிடும். வாழைப்பழத்தை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு "படம் எடுப்போம்" என்று நிற்காதீர்கள். தின்னக் கொடுக்கவே வேண்டாம். சாப்பிட்டதும் மிச்சத்தையும் லஞ்ச் ஷீட்டையும் பையில் கட்டி வேனுக்குக் கொண்டுவாருங்கள், குப்பைத் தொட்டியில் போட்டால் குரங்கு திரும்ப வெளியே இழுத்துப் போடும்.

ஜோடிகள் நிறைய இருப்பார்களாமே, குடும்பத்தோடு போனால் சங்கடமா?

இருப்பார்கள். மர வேர்களுக்கு நடுவில், குடைக்குப் பின்னால். ஊரில் இருந்து வருகிற மாமிமார் நாலு அடிக்கு ஒருதரம் "சீ, சீ" என்பார்கள், ஆனால் திரும்பிப் பார்க்காமலும் இருக்க மாட்டார்கள். அவர்கள் பாட்டில் அவர்கள், எங்கள் பாட்டில் நாங்கள். 147 ஏக்கரில் எல்லோருக்கும் இடம் உண்டு.

படம் எடுக்கலாமா?

போனில், கமராவில் எடுக்கலாம். கலியாணப் படப்பிடிப்பு என்றால் தனிக் கட்டணமும் அனுமதியும் தேவை. ட்ரோன் அனுமதி இல்லாமல் பறக்கவிடாதீர்கள்.

கனடாவிலிருந்து மாமா வந்திருக்கிறார். அவருக்கும் எங்கள் டிக்கெட்டா?

உள்ளூர்வாசிக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு கூடிய விலை. இலங்கை அடையாள அட்டை இருந்தால் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கவுண்டரில் நின்று, "அவர் கல்லடியில் பிறந்தவர்" என்று வாதாடி வரிசையை மறிக்க வேண்டாம்.

அதே நாளில் கிட்ட வேறென்ன பார்க்கலாம்?

பேராதனைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே. அங்கே குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது, படித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அது மறக்காத இடம். உங்கள் கூட்டத்தில் பேராதனையில் படித்தவர் ஒருவர் இருந்தால் அவரே கூட்டிப்போவார், வேண்டாம் என்றாலும் விடமாட்டார். நகருக்குள் திரும்பும் வழியில் கட்டுக்கலை செல்வ விநாயகர் ஆலயம். காத்தான்குடி, ஏறாவூர் பக்கத்து ஆக்களுக்குத் தொழுகைக்கு நகரில் மீரா மக்காம் பள்ளிவாசல் வசதி. இதற்கு மேல் பின்னவலையையும் சேர்க்கலாமா என்று கேட்டால், சேர்க்கவேண்டாம் என்பேன்.

அங்கிருந்து செடி வாங்கி வந்தால் மட்டக்களப்பில் வளருமா?

பூங்காவுக்குள் ஒரு இலை, ஒரு விதைகூட எடுக்கக்கூடாது. செடி வாங்க விரும்பினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களம் இருக்கிறது, வீதியோரங்களில் தனியார் நாற்றுமேடைகளும் உண்டு.

எல்லாம் எங்கள் மண்ணுக்குச் சரிவராது. சாதிக்காய், கராம்பு போன்றவற்றுக்கு ஈரமும் குளிர்ச்சியும் வேண்டும். கல்லடி, ஆரையம்பதி மணலில், உப்புக்காற்றில் அவை இலை கருகி நின்றுவிடும். அந்தூரியம், ஓர்கிட் இரண்டையும் நிழல்வலைக்குக் கீழே, கிணற்றுத் தண்ணீர் உப்பில்லாத வீடுகளில் வளர்க்கலாம். போகன்வில்லாவுக்குக் கவலையே வேண்டாம், எங்கள் வெயிலில் அங்கே பூப்பதைவிடக் கூடப் பூக்கும். மிளகுக் கொடியை மாமரத்திலோ கிளிசரியாவிலோ படரவிட்டு ஆசைக்கு வைத்துப் பார்க்கலாம்.

கொண்டுவரும்போது வேன் கூரையில் கட்டாதீர்கள், பதினெட்டு வளைவு இறங்க முதலே காற்று இலையைக் கிழித்துவிடும். சீற்றுக்குக் கீழே நிறுத்தி, வேரடியை ஈரச்சாக்கால் சுற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் நட்டுவிடவும் வேண்டாம். ஒரு கிழமை மரநிழலில் பையோடு வைத்து இந்தச் சூட்டுக்குப் பழக்கி, பிறகு ஒரு பின்னேரமாக நடுங்கள்.